ஒரு குத்துவாளுக்கு எத்தனை ஊர், எத்தனை வயது? தெரியுமா?

காந்திகிராமத்தில் உட்கார்ந்துகொண்டு குத்துவாளைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிக்காதீர்கள். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்தி பெயரால் தொடங்கிய இடம் இது. ராட்டை, கதர், சித்த மருந்து, கிராமக் கல்வி இவைதான் இங்கே பேச்சு. ஆனால் இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை. மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டத் தொடங்கியது. 1755இல் மைசூரின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அங்கே வந்து உட்கார்ந்த ஹைதர் அலி, புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தொழில் தெரிந்த ஆட்களை வரவழைத்து ஓர் ஆயுதச்சாலையே நடத்தினார், தெரியுமா? இன்று பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் ஊரில் அன்று பீரங்கிக்கு வேலை நடந்திருக்கிறது. இரும்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பக்கம் வேறு எது?

விஷயத்துக்கு வருவோம். பழைய குத்துவாள் ஒன்றை உங்கள் கையில் கொடுத்து, "இது எந்த ஊர்? எத்தனை வயது?" என்று கேட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரே கேள்வி என்று நினைத்தீர்களானால் அங்கேதான் சறுக்கல். அலகுக்கு ஓர் ஊர், பிடிக்கு ஓர் ஊர், உறைக்கு ஓர் ஊர் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வயது இருக்கலாம். மூன்றாயிரம் ஆண்டுப் பழைய குத்துவாள் ஒன்றின் இரும்பு இந்தப் பூமியிலேயே பிறக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். எகிப்தின் இளம் மன்னன் துட்டன்காமன் இறந்தது கி.மு. 14ஆம் நூற்றாண்டில். ஹோவர்ட் கார்ட்டர் அவனுடைய கல்லறையை 1922இல் கண்டுபிடித்தார். 1925இல் மம்மியின் துணிச்சுற்றுகளைப் பிரித்தபோது வயிற்றருகே தங்க அலகுள்ள குத்துவாள் ஒன்று, வலது தொடை மேல் இரும்பு அலகுள்ள குத்துவாள் ஒன்று. தங்கத்தைப் பார்த்து எல்லோரும் வாய்பிளந்தார்கள். ஆனால் உண்மையான அதிசயம் அந்த இரும்புதான். இரும்பை உருக்கும் கலை எகிப்தில் அப்போது வேரூன்றவே இல்லை. தவிர, மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அந்த அலகில் துரு அதிகம் ஏறவில்லை!

2016இல் இத்தாலியின் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியலா கோமெல்லி குழுவினர், அலகைச் சுரண்டாமல், ஒரு துளிகூட வெட்டாமல், கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியை அதன் மேல் காட்டினார்கள். கருவி சொன்ன கணக்கு: நிக்கல் ஏறக்குறைய 11 சதவீதம், கோபால்ட் 0.6 சதவீதம். மண்ணிலிருந்து தோண்டிய தாதுவை உருக்கிச் செய்த பழங்கால இரும்பில் நிக்கல் 4 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். இந்த விகிதத்தில் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்து வருவது விண்கல்லில்தான்! குழுவினர் அதோடு விடவில்லை. செங்கடலைச் சுற்றி 2,000 கிலோமீட்டர் வட்டாரத்தில் கிடைத்த இரும்பு விண்கற்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் எகிப்தின் வடகரையோரம் கிடைத்த கார்கா என்ற விண்கல்லின் கலவை கிட்டத்தட்ட ஒத்துப்போனது.

சரி, இரும்பு வானத்திலிருந்து வந்தது. கத்தி எங்கே அடிக்கப்பட்டது? 2022இல் ஜப்பானின் சிபா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அலகின் மேற்பரப்பில் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் எடுத்தார்கள். விண்கல் இரும்புக்கே உரிய குறுக்கும் நெடுக்குமான படிகக் கோடுகள் அப்படியே இருந்தன. கொல்லன் அதிகம் சூடேற்றியிருந்தால் அந்தக் கோடுகள் கலைந்துபோயிருக்கும். ஆக, மிதமான சூட்டிலேயே அடித்திருக்கிறான். இன்னொரு துப்பு இதைவிட ருசி. தங்கப் பிடியில் மணிகளை ஒட்டவைத்த பசையில் கால்சியம் இருந்தது, கந்தகம் இல்லை. கந்தகம் இருந்தால் ஜிப்சம்; இல்லையென்றால் சுண்ணாம்பு. எகிப்தியர்கள் அந்தக் காலத்தில் பயன்படுத்தியது ஜிப்சம். சுண்ணாம்புச் சாந்து அங்கே பரவியது ஆயிரம் ஆண்டு கழித்துத்தான். அப்படியானால் பிடி வெளியூர் வேலை! துட்டன்காமனின் பாட்டனார் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கு மிட்டானி நாட்டு அரசன் துஷ்ரத்தன் அனுப்பிய சீர்வரிசைப் பட்டியல் ஒன்று களிமண் பலகையில் கிடைத்திருக்கிறது. அதில் இரும்பு அலகுள்ள குத்துவாளும் உண்டு. பாட்டனார் வீட்டுக்கு வந்த சீர், பேரனோடு கல்லறைக்குப் போயிருக்கிறது என்பது ஜப்பானியர்களின் ஊகம். வானத்தில் பிறந்து, சிரியாப் பக்கம் வடிவெடுத்து, எகிப்தில் புதைந்த குத்துவாளுக்கு நீங்கள் எந்த ஊர் முகவரி எழுதுவீர்கள்?

நம் நாட்டிலும் ஒன்று உண்டு, தெரியுமா? 1621 ஏப்ரலில் ஜலந்தர் அருகே பேரிரைச்சலோடு ஒரு விண்கல் விழுந்தது. செய்தி கேட்ட முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அதைத் தோண்டியெடுத்து வரச் செய்து, உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்தார். சுத்தியலுக்குத் தாங்காமல் அது உதிர்ந்தது. மூன்று பங்கு விண்ணிரும்புக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து அடித்து வாள்களும் குத்துவாளும் கத்தியும் செய்து கொடுத்தார் உஸ்தாத். பாதுஷாவே தன் நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டார். அந்தக் கத்தி இப்போது வாஷிங்டனில், ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர், தேதி, கொல்லன் பெயர், கலவை விகிதம் எல்லாம் எழுத்திலேயே கிடைக்கும் கத்தி உலகத்தில் எத்தனை இருக்கும்?

இனி மண்ணிலிருந்து வந்த இரும்பைப் பார்ப்போம். வட ஆப்பிரிக்காவில் கிடைக்கும் பழைய அலகின் இரும்பு இந்தியாவிலிருந்து போனதாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால் ஆச்சரியமாக இல்லையா? கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் கையேடான பெரிப்ளஸ், செங்கடலின் ஆப்பிரிக்கக் கரைக்கு வந்திறங்கிய சரக்குகளில் இந்திய இரும்பையும் எஃகையும் சேர்த்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசு அலெக்சாண்ட்ரியாவில் சுங்கம் விதித்த கீழைநாட்டுச் சரக்குகளின் பட்டியலில் மிளகும் பட்டும் முத்தும் மட்டும் இல்லை; இந்திய இரும்பும் இருக்கிறது! அதே எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற துறைமுகத்தில் ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியிலிருந்து ஏழரைக் கிலோ மிளகு கிடைத்ததையும், குசைர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிளகு போன வழியில் இரும்பும் போயிருக்கிறது.

அந்த இரும்பை இங்கே எப்படிச் செய்தார்கள்? ஈரோடு மாவட்டக் கொடுமணலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த உலைகளும், மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்த மூசைத் துண்டுகளும் சாட்சி சொல்கின்றன. சிறு களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டுகளைப் போட்டு, கூடவே ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் மணிக்கணக்கில் ஊதினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இந்த வேலையை நேரில் பார்த்து ஐரோப்பியர்கள் எழுதியிருக்கிறார்கள். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் ஏறி, ஒன்றரை சதவீதம் வரை கார்பன் உள்ள எஃகுக் கட்டியாக இறங்கும். ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே ஆவாரை, அதேதான்! இந்த எஃகின் மேல் ஓடும் நீரோட்டம் போன்ற வரிகள் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்ள மைக்கேல் ஃபாரடே 1819இலேயே மண்டையை உடைத்துக்கொண்டார். மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன் அவர் ஆராய்ந்தது நம் எஃகை! 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பீட்டர் பாஃப்லர் குழு, 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துணுக்கில் கார்பன் நானோ குழாய்களைப் பார்த்ததாக அறிவித்தது. அமெரிக்காவின் ஜான் வெர்ஹோவன், தாதுவில் ஒட்டிக்கொண்டு வரும் மிகச் சிறிய அளவு வனேடியம்தான் அந்த வரிக்குக் காரணம் என்று செய்தே காட்டினார். ஆக, ஒரு குத்துவாளின் அலகில் அந்த வரி இருந்தால், பிடி மொராக்கோவாக இருந்தாலும் துருக்கியாக இருந்தாலும், அந்த எஃகு கிழக்கே இருந்து போனதா என்று கேட்காமல் விடக் கூடாது. அமிலம் தடவிப் பொய்யாக வரி போடுகிறவர்களும் உண்டு. அந்த வரி மேலோடு நிற்கும். லேசாகத் தேய்த்து மறுபடி அமிலம் காட்டினால் திரும்பி வராது. உண்மையான வரி உலோகத்துக்குள்ளேயே ஓடுவதால் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது கதை தலைகீழாகிறது, கவனியுங்கள்!

உலகத்துக்கு எஃகு கொடுத்த இதே மண்ணில், தஞ்சாவூர் நாயக்கர்களும் மராட்டியர்களும் தங்கள் கட்டாரிகளுக்கு ஐரோப்பிய அலகை வாங்கிப் பொருத்தினார்கள், தெரியுமா? கட்டாரி என்றால் தெரியும்தானே? இரண்டு குறுக்குக் கம்பிகளைக் கைக்குள் அடக்கிப் பிடித்தால், முழங்கையிலிருந்து நேர்க்கோட்டில் அலகு நீளும். குத்துவதற்கென்றே பிறந்த வடிவம். இந்தியாவுக்கு வெளியே இப்படி ஒன்று எங்கும் உருவாகவில்லை என்பதால், கட்டாரிப் பிடியைப் பார்த்ததும் நாடு தெரிந்துவிடும். ஊர் தெரிய வேண்டுமானால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். புறங்கையை மூட இலை போலவோ விரிந்த படம் போலவோ வளைந்த தகடு இருந்தால் அது தெற்கத்தி வேலை. பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டு. தகட்டில் யாளியும் கிளியும் கொடியும் துளையிட்டுக் குடைந்திருந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்லத் துணியலாம். கோயில் தூணில் பார்த்த அதே யாளி இங்கே விரலளவு இரும்பில் உறுமிக்கொண்டிருக்கும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களுக்குக் கீழே புலியைக் குத்திக்கொண்டு நிற்கும் வீரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வெறும் அழகுக்கு இல்லை. அந்தக் காலத்து ஆயுதம் எப்படி இருந்தது என்று கல்லில் எடுத்துவைத்த படம் அது. வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பவர்களுக்கு அத்தகைய சிற்பங்கள் பெரிய துணை.

அலகுக்கு வாருங்கள். பல தஞ்சைக் கட்டாரிகளில் அலகின் அடிப்பாகத்தை யாளி வாய் போன்ற இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து, ஆணி அறைந்திருக்கும். ஏன்? அந்த அலகு இந்தப் பிடிக்காகப் பிறந்ததில்லை! ஏதோ ஓர் ஐரோப்பிய வாளைப் பாதியாக வெட்டி இங்கே மாட்டியிருக்கிறார்கள். நெடுக ஓடும் பள்ளங்கள், ஓநாய் வடிவ முத்திரை, 'ஆந்த்ரேயா ஃபெராரா' என்ற பெயர், இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அலகு கடல் தாண்டி வந்தது என்று சந்தேகப்படலாம். எப்படி வந்திருக்கும் என்று திகைக்கவும் வேண்டாம். ரகுநாத நாயக்கர் 1620இல் டேனியர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். நாகப்பட்டினத்தில் முதலில் போர்ச்சுகீசியர், 1658க்குப் பிறகு டச்சுக்காரர். தஞ்சாவூர்க்காரருக்கு ஐரோப்பா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது!

இதில் ஒரு வேடிக்கை சொல்லாமல் இருக்க முடியாது. ஆந்த்ரேயா ஃபெராரா 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கொல்லர். அவர் பெயருக்கு மவுசு ஏறியதும் ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைக்காரர்கள் அதே பெயரைத் தங்கள் அலகுகளில் குத்தி விற்றார்கள். ஓநாய் முத்திரையும் அப்படியே: அது பாசாவ் நகரத்துடையது, திருடியவர்கள் சோலிங்கன்காரர்கள். ஆக, பெயர் இருக்கிறது என்பதற்காக அவர்தான் செய்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனி சட்டையின் லேபிளைப் பார்த்துத் தைத்த ஊரைச் சொல்வது மாதிரிதான் இது. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே டூப்ளிகேட் சரக்கு உலகம் முழுக்க ஓடியிருக்கிறது!

அந்தக் கட்டாரிகள் எல்லாம் எங்கே போயின? இங்கேதான் வயிறு எரிகிறது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சாவூர் அரசு முடிந்தது. அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களையும் கட்டாரிகளையும் ஈட்டிகளையும் ஆங்கிலேயர்கள் மலைமலையாகக் குவித்தார்கள். 1860களில் அவற்றில் பெரும்பகுதியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், உடைத்து, பழைய இரும்பாக விற்றார்கள். காயலான் கடைச் சரக்கு! மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் அந்த ஆயுதசாலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் இன்று நமக்கு இவ்வளவுகூடத் தெரிந்திருக்காது. உடைபடாமல் தப்பியவற்றில் நல்ல பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்னும் எத்தனையோ கடல் கடந்தன. அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்டோன் 1935இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போன சேகரிப்பிலும் தென்னிந்தியக் கட்டாரிகள் இருக்கின்றன. எழும்பூருக்குப் போகிறவர்கள் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டு ஆயுதக் கூடத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். தயவுசெய்து நில்லுங்கள், ஐரோப்பிய அலகைக் கவ்வியிருக்கும் யாளியைத் தேடுங்கள்.

ஓர் ஆயுதத்தின் வயதைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய சாட்சி எது தெரியுமா? கொள்ளையடித்தவனுடைய கணக்குப்பிள்ளை! ராஜஸ்தானில் பீகானேர் அரசர் அனூப் சிங், முகலாயப் படையோடு தெற்கே வந்து 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆதோனிக் கோட்டையிலிருந்து ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனார். பீகானேர் ஆயுதசாலை எழுத்தர்கள் அந்தப் பிடிகளின் மேல் புள்ளிபுள்ளியாகக் குத்தி, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதிவிட்டார்கள். இதனால் என்ன லாபம்? அந்தக் கட்டாரி அந்தத் தேதிக்கு முன்பே செய்து முடிந்தது என்று சத்தியம் செய்யலாம். அதே வடிவத்தில் எழுத்தே இல்லாத கட்டாரி வேறெங்கே கிடைத்தாலும் அதற்கும் காலம் சொல்லிவிடலாம். ஆயுத ஆராய்ச்சியாளர் ராபர்ட் எல்குட் தென்னிந்திய ஆயுதங்களுக்கு வரலாறு எழுதியபோது பீகானேர்ச் சேகரிப்பு அவருக்குக் கிடைத்த பெரும் சொத்து.

ஐரோப்பிய அலகை மாட்டிய தஞ்சாவூர்க் கதை வட ஆப்பிரிக்காவிலும் அப்படியே நடந்தது என்பது தெரியுமா? மொராக்கோவின் கும்மியா என்ற வளைந்த குத்துவாளை எடுத்துக்கொள்ளுங்கள். மயில் தோகை விரித்த மாதிரி பிடித்தலை. நுனி மேல்நோக்கி வளைந்த உறை. உறையின் தோளில் இரண்டு வளையங்கள். வளையங்களில் கயிறு கோத்து வலது தோளில் மாட்டி இடுப்பின் இடப்பக்கம் தொங்கவிடுவார்கள். அலகு பிடியருகே நேராக, ஒரு பக்கம் மட்டும் கூராக வந்து, பாதிக்கு மேல் வளைந்து, இரண்டு பக்கமும் கூராகும். பல கும்மியாக்களின் அலகு ஐரோப்பாவில் செய்து அங்கே இறக்குமதியானது! கொஞ்சம் கிழக்கே அல்ஜீரியாவின் கபீலி மக்களிடம் போனால் ஃப்ளிஸா: நேரான ஊசிமுனை அலகு, அதில் பித்தளை பதித்த கோலம், விலங்குத் தலை போன்ற பிடி. சகாராவுக்குள் இறங்கினால் துவாரெக் மக்களின் தெலெக். அதை இடுப்பில் செருகுவதில்லை! உறையிலுள்ள வளையத்தை இடது முன்கையில் மாட்டி, பிடி மணிக்கட்டுப் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். வலது கையால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். சூடானில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலகு முழுக்க அரபு எழுத்தை அமிலத்தால் அரித்து, முதலைத்தோல் உறை போட்டார்கள். 1898இல் ஓம்துர்மான் போர் முடிந்ததும் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக வாங்கிக்கொண்டு போனவற்றில் அவையும் உண்டு. ஆக, ஓர் ஆயுதம் எப்படி அணியப்பட்டது என்று யோசித்தாலே பாதி முகவரி கிடைத்துவிடுகிறது. வளையம் எங்கே, தேய்மானம் எங்கே, எந்தப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது? உடம்பை ஒட்டியிருந்த பக்கத்தில் வேலைப்பாடு குறைவாகத்தான் இருக்கும்.

மொராக்கோ 1912 முதல் 1956 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும் கும்மியாவும் கடைச் சரக்கானது. சந்தையில் இப்போது சுற்றுவதில் பெரும்பகுதி அந்த வகைதான் என்பது என் கருத்து. எப்படித் தெரியும்? அலகு மெலிந்த தகடு, ஒருபோதும் கூர் தீட்டப்படாதது. வளையத்துக்குள் கயிறு உராய்ந்த தடமே இல்லை. வெள்ளி என்று சொல்லிக் கொடுப்பார்கள். பார்த்தால் ஜெர்மன் சில்வர்! நவராத்திரிக்கு வெற்றிலை வைத்துக் கொடுக்கும் தட்டு எதனால் ஆனது, அதேதான். செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் இருக்கும். வெள்ளி ஒரு குன்றிமணிகூட இருக்காது. ஐரோப்பாவில் அது தயாராகத் தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில். அதனால் "இது 1700களின் உறை" என்று யாராவது ஜெர்மன் சில்வரைக் காட்டினால் சிரித்துவிட்டு நகரலாம். முனை கூரான மர ஸ்க்ரூ இருந்தால் 1840களுக்குப் பிந்திய வேலை, அல்லது அதற்குப் பிறகு யாரோ பழுது பார்த்தது. எவ்வளவு சின்ன சாட்சி, எவ்வளவு பெரிய தீர்ப்பு!

யானைத் தந்தப் பிடி என்கிறார்களா? குறுக்குவெட்டைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். தெரியாவிட்டால் எலும்போ பிளாஸ்டிக்கோ. அந்தக் கோடுகள் சந்திக்கும் கோணம் 115 பாகைக்கு மேல் இருந்தால் இன்றைய யானை இனம். 90க்குக் கீழே இருந்தால், பனியில் புதைந்த மாமத்தின் தந்தம்!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு முறை உண்டு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வானத்தில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதற்குப் பின் வளர்ந்த மரம், மாடு, யானை எல்லாவற்றின் உடம்பிலும் அந்த முத்திரை விழுந்துவிட்டது. உறையின் தோலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தால், அந்த ஆடு அணுகுண்டுக்கு முன் மேய்ந்ததா பின் மேய்ந்ததா என்று தெரிந்துவிடும்! நூறு ஆண்டுப் பழையது என்று விற்ற உறை மாட்டிக்கொள்ள இது போதும். இரும்புக்கே இந்தச் சோதனை செய்யலாமா? செய்யலாம். மரக்கரியில் உருக்கிய எஃகுக்குள் அந்த மரத்தின் கார்பன் ஏறியிருக்கும். அதை வைத்து வயது கணிக்கலாம். ஆனால் நிலக்கரியில் உருக்கிய நவீன எஃகைச் சோதித்தால் என்ன வரும் தெரியுமா? நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுப் பழையது. அதில் கதிரியக்கக் கார்பன் மிச்சமே இல்லை. நேற்று அடித்த கத்தி, ஐம்பதாயிரம் ஆண்டுக்கும் மூத்தது என்று அறிக்கை வரும்! அப்படி வந்தால் போலி பிடிபட்டது என்று பொருள்.

இந்தக் கணக்கெல்லாம் வெளிநாட்டில்தான் என்று நினைக்காதீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்குத் தென்மேற்கே பொருந்தல் என்ற ஊரில், 2009இல் ராஜன் குழுவினர் ஓர் ஈமச்சின்னத்தைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான மணிகள், இரும்புப் பொருள்கள், தமிழ் பிராமி எழுத்துள்ள பிரிமனை. கூடவே நான்கு கால் சாடிக்குள் இரண்டு கிலோ நெல்! துருவேறிய இரும்பின் வயதைச் சொல்வது கடினம். நெல்லின் வயதைச் சொல்வது எளிது. அமெரிக்கச் சோதனைச் சாலைக்குப் போன நெல்மணி கி.மு. 490 என்று சொன்னது. அதோடு ஒரே நாளில் புதைந்த இரும்புக்கும் அந்தக் காலத்தையே சொல்லிவிடலாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலும் இதே வழிதான்: இரும்போடு தாழியில் கிடந்த கரித்துண்டு கி.மு. 3345 என்று காட்டியதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. துட்டன்காமனுக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்னால்! அறிஞர்கள் இன்னும் விவாதிக்கட்டும். விவாதிக்க வேண்டிய அளவு பெரிய செய்திதான் இது. ஆனால் ஒன்று: கரியையும் நெல்லையும் உதறிவிட்டு இரும்பை மட்டும் யாராவது உருவி எடுத்திருந்தால் இந்தத் தேதிகள் எதுவுமே கிடைத்திருக்காது.

கடைசியாக, வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ கத்தி, கட்டாரி, பிச்சுவா எது வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயுத பூஜை வருகிறதென்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! எலுமிச்சை வேண்டாம், செங்கல் பொடி வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். எஃகின் வரி, கொல்லனின் முத்திரை, புள்ளியெழுத்து, வயதைச் சொல்லும் கறை எல்லாம் ஒரு காலைப் பொழுதில் போய்விடும். வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வை உப்பு துருவைக் கூப்பிடும். துணி வைத்துப் பிடியுங்கள். தோலுறை ஈரம் இழுக்கும். அலகை அதற்குள்ளேயே வருடக்கணக்கில் விடாதீர்கள், உறையை எறியவும் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், முதுகும், பிடி சேரும் இடமும், உறையின் பின்பக்கமும் படம் எடுங்கள். யார் கொடுத்தது, எப்போது வீட்டுக்கு வந்தது என்று பாட்டி சொல்வதை அன்றே எழுதிவையுங்கள்.

மண்ணுக்குள் கிடைத்தால் அது உங்களுடையது ஆகிவிடாது: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய கைவினைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரமும் செய்யக் கூடாது. திண்டுக்கல் மாவட்டத்தவர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. பழனியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. படங்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.